காதுக்கு எத்தனை முழம்?

காது டாக்டரிடம் கம்பவுண்டராக இருப்பவன் பாதி நாள் கத்துவான், மீதி நாள் கிசுகிசுப்பான். தொண்டை கட்டாத நாளே கிடையாது. அந்தப் பிழைப்புப் பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு சொல்லாமலே விளங்கும். எங்கள் பக்கம் ரயில் வந்த புதிதில், பாளையங்கோட்டையில் நான் பட்டதில் கொஞ்சம் இது.

சன்னல்

எங்களிடம் இருந்த முதல் கருவி டாக்டரின் பைக்கடிகாரம். நல்ல காதுக்கு அதன் டிக்டிக் மூன்று முழத்தில் கேட்கும். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பைய அருகே கொண்டுவருவேன். ஒரு முழத்தில்தான் கேட்டது என்றால் 'மூன்றுக்கு ஒன்று' என்று எழுதுவேன்.

உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி ஒருவருக்கு அரை முழத்தில்தான் கேட்டது. மனுஷர் முகம் தொங்கிப்போயிற்று. அப்புறம்தான் கவனித்தேன், தெருவில் மாட்டுவண்டிகள் கடகடவென்று போய்க்கொண்டிருந்தன. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விழுங்கிவிடும் என்பது எனக்கே மறந்திருந்தது. சன்னலைச் சாத்திவிட்டு அளந்தால் இரண்டரை முழம். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "செவிடு எனக்கில்ல வே, ஒம்ம சன்னலுக்குத்தான்."

ரகசியம்

மாடசாமிக்குப் பாபநாசத்துப் பக்கம் நூல் மில்லில் பன்னிரண்டு வருஷ வேலை. வெளியே வந்தாலும் காதுக்குள் இரைச்சல் நிற்பதில்லை என்று, ரயில்வே கேட் காவலுக்கு மனுப் போட்டிருந்தார். காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேலை அவருக்கு. மனைவி இசக்கியம்மாளும் கூட வந்திருந்தாள்.

எதிரே பத்தடி தள்ளி நின்று கிசுகிசுத்தேன். முப்பத்தாறு, தாமரை, வாழையிலை. ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். எனக்குச் சந்தோஷம், முழுக்காது என்று எழுதியே விட்டேன். புறப்பட்டவரை முதுகுக்குப் பின்னாலிருந்து, "குடைய விட்டுட்டுப் போறீரே" என்றேன். அவர் திரும்பவே இல்லை. இசக்கியம்மாள் தோளைத் தொட்டுத் திருப்பினாள். என் அசட்டுத்தனம் அப்போதுதான் உறைத்தது. அவர் இவ்வளவு நேரமும் என் உதட்டைப் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு ஒளிக்காமல் சொன்னார். "மில்லுக்குள்ள எல்லாரும் வாயப் பாத்துத்தான் கேப்போம். நீங்க வேற எப்படிக் கேக்கிய?"

இரண்டு கவை

தட்டினால் இசைக்கும், கவட்டை போல் பிளந்த இரும்புக் கவைகள் இரண்டை டாக்டர் எடுத்துக் கொடுத்தார். மாடசாமியைக் கண்ணை மூடச் சொன்னோம். பெரிய கவையின் தடித்த ஓசைக்கு உடனே கையைத் தூக்கினார். சின்னதன் கீச்சு ஓசைக்குத் தூக்கவில்லை. ஓங்கித் தட்டினேன். அப்போதும் இல்லை. ஓங்கித் தட்டினால் சத்தம் பெருகுமே தவிர, கீச்சு கீச்சாகவேதான் இருக்கும். பன்னிரண்டு வருஷ மில் இரைச்சலில் அவருக்குப் போயிருந்தது அந்தக் கீச்சைக் கேட்கிற சக்தி. தூரத்தில் ரயில் ஊதுவதும் அந்த வகைதான்.

முழுக்காது என்று எழுதியதைக் கோடு போட்டு அடிக்க எனக்குக் கை வரவில்லை. "ரயில் வந்தா தரை அதிரும்லா, காலுக்கே தெரிஞ்சிரும் அய்யா" என்று மாடசாமி கெஞ்சினார். இசக்கியம்மாள்தான், "வேண்டாம் அய்யா, ரயில் கேட்டத் தாண்டிப் பிள்ளைக போவும்லா" என்றாள். அடித்தேன். மாடசாமி குடையை எடுத்துக்கொண்டு, என் உதட்டைப் பார்த்தபடியே கேட்டார். "சத்தம் தாங்காமத்தான் மில்ல விடப் பாத்தேன். இனி அங்கனதான் எனக்கு வேலை, அப்படித்தானே?"

மில் இரைச்சலை அளக்க எங்களிடம் ஒரு கயிறும் இல்லாததால், குற்றத்தை எப்போதும் காதின்மேலேயே எழுதிவந்தோம்.