அக்காவின் ரேஷன் கார்டில் என் பெயர்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. திருப்பூர், ஓசூர், சென்னை, நடுவில் ஆந்திரா பக்கம் ஒரு கல் குவாரி. யாராவது நிரந்தர முகவரி கேட்டால், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் அக்கா வாக்கப்பட்ட ஊரைச் சொல்வேன். அப்பா அம்மா போன பிறகு அக்கா என் பெயரைத் தன் ரேஷன் கார்டில் சேர்த்திருந்தாள். கார்டைப் புதுப்பிக்க ஆள் வரும்போதெல்லாம், "தம்பி வெளியூர் வேலைக்குப் போயிருக்கு, வந்துரும்" என்று சொல்லி அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தாள்.

சென்னையில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் இருந்தபோது, டை கட்டிய ஒருவர் வந்து எங்களுக்கெல்லாம் கிரெடிட் கார்டு வாங்கிக் கொடுத்தார். சம்பளச் சீட்டும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் போதும் என்றார். ஒன்பது பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிக்கவில்லை. எல்லாம் இங்கிலீஷ். முதலில் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். பிறகு டைபாய்டு வந்து மேன்ஷனில் ஒரு மாதம் கிடந்தபோது, அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுத்துத்தான் மருந்தும் சாப்பாடும். வேலை போயிற்று. மாதாமாதம் கட்டுவது நின்றது. போனில் கேவலமாகத் திட்டினார்கள். சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பினேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

2006இல் அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வீடு ஒன்றரை மணி நேர பஸ் தூரம். வெறுங்கையோடு போக மனமில்லாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மாமாவே, அக்கா வீட்டுக்காரர், என்னைத் தேடி வந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"கோர்ட்டு அமீனா ஜப்திக்கு வந்துட்டாரு மாப்ள."

"எங்க?"

"நம்ம வூட்டுக்குத்தான். உன் பேரச் சொல்லி. அக்காவோட தையல் மிஷினு, டிவி, என் சைக்கிளு, எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. திரும்ப வந்து எடுத்துக்குவாங்களாம். அதுவரைக்கும் நாங்கதான் காவலாம்."

மாமாவுக்கு முந்திரிக் காட்டில் வேலை வருடத்துக்கு மூன்று மாதம். மீதி நாளெல்லாம் அக்கா ஜாக்கெட் தைத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

"முன்னாடி தபால் எதுவும் வரலியா மாமா?"

"வந்துச்சு. ரிஜிஸ்டர் கவரு மூணு. வாங்குனா கேஸு நம்ம தலையில வுழும்னு திருப்பி அனுப்பிட்டோம்."

எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான். கவரைக் கையால் தொடாதவரை வழக்கு தெருவோடு போய்விடும் என்று நம்புவார்கள். நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இருவரும் ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனோம். வக்கீல் இல்லை. குமாஸ்தா, அமீனா கொடுத்துவிட்டுப் போயிருந்த தாள்களை மாமாவிடம் வாங்கிப் புரட்டினார்.

"சென்னையில ஆர்பிட்ரேட்டர் தீர்ப்பு சொல்லிட்டாருப்பா. நீ ஆஜராகல. பதினெட்டாயிரம் எடுத்திருக்க, இப்ப வட்டியோட அறுபத்தோராயிரம்."

"அவரு யாருங்க, ஜட்ஜா?"

"மத்தியஸ்தர். நம்மூரு பஞ்சாயத்து மாதிரி. ஆனா பிராது கொடுத்தவனே பஞ்சாயத்தாரையும் கூட்டியாந்துட்டான். அதுக்குச் சம்மதம்னு நீதான் கையெழுத்துப் போட்டிருக்க."

"எதுத்து மனு போடலாங்களா?"

"மூணு மாசத்துல போட்டிருக்கணும். வாங்கமாட்டேன்னு திருப்பி அனுப்புன கவரு, வாங்குன கவருதான்."

குமாஸ்தா மாமா பக்கம் திரும்பினார்.

"பொருளையாவது காப்பாத்தப் பாருங்க. மிஷின் பில்லு உங்க சம்சாரம் பேர்ல இருக்கா? அப்ப அவங்க மனு போடட்டும், இது என் பொருளு, தம்பிக்கும் இந்த வூட்டுக்கும் சம்பந்தமில்லன்னு. ஆனா ரேஷன் கார்டுல இவன் பேரு இருக்கே. ஒரே குடும்பம்னுதான் அவங்க வக்கீல் சொல்லுவாரு. மொதல்ல அத எடுங்க. இவன் அங்க குடியிருக்கலன்னு வி.ஏ.ஓ.கிட்டயும் எழுதி வாங்குங்க. மனு முடியற வரைக்கும் இவன் அந்தப் பக்கம் வரவே கூடாது."

மறுநாள் ஜெயங்கொண்டம் தாலுகா ஆபீசில் அக்காவைப் பார்த்தேன். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறோம். "எளச்சிட்ட" என்றாள். வரிசை நகர்ந்தது.

"பேரு நீக்கமா? கல்யாணமா, சாவா?" என்று கிளார்க் கேட்டார்.

"ரெண்டும் இல்லீங்க" என்றேன்.

"பின்ன?"

அக்காதான் பதில் சொன்னாள். "தம்பி தனியாப் போவுது சார்."

"எந்தக் கார்டுல சேக்கப் போறீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையால் என் பெயர்மேல் கோடு போட்டார். பக்கத்தில் முத்திரை குத்தினார். நீக்கியதற்கான சான்றைக் கிழித்து என்னிடம் நீட்டினார். கார்டை அக்கா வாங்கி, மை காயட்டும் என்று மூடாமலே பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில், "வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போடா" என்றாள்.

"மனு முடியற வரைக்கும் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாதுன்னு குமாஸ்தா சொல்லியிருக்காருக்கா."

"ஆமா, மாமா வந்து சொன்னாரு இல்ல" என்றாள். அவளுக்கு மறந்திருக்காது. ஓட்டலுக்குக் கூப்பிட்டேன். கடைசி ஜாக்கெட்டுகளை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அமீனா எந்த நாளும் வரலாம் என்று ராவும் பகலும் தைத்துக்கொண்டிருந்தாள்.

மனு ஏழு மாதம் இழுத்தது. அதற்குள் அரியலூரில் இருந்தால் என்னைப் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்ல, விருத்தாசலம் போய்விட்டேன். பொங்கலுக்கும் போகவில்லை. பக்கத்து வீட்டு போனுக்கு வாரம் ஒருமுறை பேசுவேன். ஒருநாள் மாமா எடுத்தார்.

"தீந்துச்சு மாப்ள. மிஷின எடுக்கக் கூடாதுன்னு ஜட்ஜு சொல்லிட்டாரு."

பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். அது பக்கத்து வீடு, கேட்காது.

"அப்ப நான் வரலாம் இல்ல மாமா?"

"தாராளமா வா. யாரு வேணாம்னா? ஆனா அவங்க அப்பீல் கிப்பீல்னு போனா, நீ வந்து போறத ஊர்ல நாலு பேரு சொல்லிருவான். கொஞ்ச நாள் போவட்டும்."

"சரிங்க மாமா" என்றேன். எத்தனை நாள் என்று கேட்கவில்லை. எஸ்.டி.டி. பூத் மீட்டரில் ஓடிய எண்ணைப் பார்த்து ஆறு ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.