சனிக்கிழமைகளில் நனைந்த சுவர்

வெள்ளம் வடிந்து வாரங்கள் ஆகியும் எங்கள் கிள்ளான் வீட்டில் ஒரு சுவர் மட்டும் காயவில்லை. சாமி அறைச் சுவர். மற்ற அறைகள் ஒவ்வொன்றாகத் தேறி வந்தன. இது மட்டும் காய்வதும் திரும்ப நனைவதுமாக இருந்தது.

எனக்கு அப்போது இருந்தது ஒரே கேள்விதான். மகளை எப்போது வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்? அவளுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. தண்ணீர் வடிந்தவுடன் ஈர வீட்டிலேயே சில நாள் இருந்ததில் இருமல் பிடித்து, மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சுவரில் ஈரம் இருந்தால் பூஞ்சை வரும், காய்கிறவரை குழந்தையை அங்கே வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் கணவரும் அவளைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் என் அம்மாவின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்களோடு இருந்த அத்தை, அதாவது என் மாமியார், கிள்ளானிலேயே, இரண்டு தெரு தள்ளி மேட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டில் தங்கிக்கொண்டார். பேத்தியைப் பிரிந்த வருத்தத்தை அவர் வாயால் சொல்லவில்லை. தினமும் போன் செய்து, "இருமுறாளா?" என்று மட்டும் கேட்பார்.

தண்ணீர் புகுந்த வீடுகளைச் சரிசெய்து கொடுப்பவர் ஒருவர் பூச்சோங்கிலிருந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அவருடைய ஆட்கள் ஊறிப்போன அலமாரிகளையும் கதவுகளையும் லோரியில் ஏற்றினார்கள். சுவர்களின் அடிப்பாகத்தில் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். பிறகு எல்லா ஜன்னல்களையும் மூடி, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்களை அறைக்கு ஒன்றாக ஓடவிட்டார்கள். இனி காத்திருப்பதுதான் வேலை என்றார். புதன்கிழமையும் சனிக்கிழமையும் அவர் மட்டும் வந்து, சுவரில் ஒரு சின்ன மீட்டரை வைத்து ஈரம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்.

"சிஸ்டர், ஹால் ஓகே. ரூம் ஓகே. சாமி ரூம் மட்டும் என்கிட்ட விளையாடுது லா. புதன்கிழமை பார்த்தா நல்லா காஞ்சிருக்கு, சனிக்கிழமை வந்தா திரும்ப நனைஞ்சிருக்கு."

"நான் போன வாரம் வந்தப்ப மெஷின் டியூப்பக் கொஞ்சம் நகர்த்தினேன் அண்ணே. அதனாலயா?"

"அது இல்ல சிஸ்டர்."

"கதவ சரியாச் சாத்தலயோ?"

"நீங்க ஏன் சிஸ்டர் எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கிறீங்க? சுவருக்குப் பின்னால பாத்ரூம் பைப்பு போகுது. அதுல கசிவு இருக்கும். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்."

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. ஒரு வாரம் தள்ளி வரும் திங்கட்கிழமை சுவரை உடைத்துக் குழாயைத் தேடப்போவதாகச் சொன்னார். சுவரை உடைப்பதென்றால் அதில் மாட்டியிருக்கும் சாமி மாடத்தைக் கழற்ற வேண்டும். வெள்ளம் அந்த மாடத்தைத் தொடவில்லை. தண்ணீர் அதற்குக் கீழேயே நின்றதை அத்தை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருந்தார். இப்போது அதைக் கழற்றப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? கணவரிடம் கேட்டேன். "நீயே சொல்லு. நான் சொன்னா சண்டையாயிரும்," என்று சொல்லிவிட்டு சுபாங் ஜெயாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். முதலில் சாமி படங்களை நானே பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, பிறகு அத்தையிடம் போய்ச் சொல்லலாம் என்பது திட்டம். முதலில் சொல்லிவிட்டு இறக்குவதுதானே மரியாதை என்று ரயிலில் தோன்றியது. கிள்ளான் வருவதற்குள் பல தடவை மனம் மாறினேன்.

வீட்டு வாசலுக்குப் போனால் கதவு திறந்து கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. சாமி அறையில் இயந்திரத்தின் சத்தம் இல்லை. உள்ளே அத்தை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மஞ்சள் தண்ணீரை வாளியிலிருந்து தரையில் வீசி ஊற்றி, விளக்குமாற்றால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தார். பூச்சு கொத்தி எடுத்த செங்கல்லின் மேல் அலை அடித்தது.

"நீயா? செருப்ப வெளியில விடு. பாத்து வா, வழுக்கும்."

வெள்ளிக்கிழமை. என் அம்மா வீட்டிலும் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவித்தான் விளக்கு ஏற்றுவோம். நானே எத்தனை வெள்ளிக்கிழமை இதே அறையைக் கழுவியிருக்கிறேன்! வியாழன் இரவே வாளியை எடுத்து வைக்கிற நான், நனைகிற சுவருக்குக் காரணம் குழாயில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"மெஷின ஏன் அத்தை நிறுத்திட்டீங்க?"

"சாமி கும்பிடுறப்ப அது என்ன உறுமல்? போறப்ப திரும்பப் போட்டுட்டுத்தான் போவேன். புள்ள வரப்போற வீடு. சாக்கடைத் தண்ணி நின்ன இடம். கழுவாம விட முடியுமா?"

எதற்காக நான் அந்தச் சுவர் காய வேண்டுமென்று தவித்தேனோ, அதற்காகவே அவர் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். இதை எந்த வாயால் சொல்வது? உண்மையைச் சொல்லாமல் ஏதாவது சாக்குச் சொல்லி அவரிடமிருக்கும் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். மகளின் நெஞ்சுச் சத்தம் நினைவுக்கு வந்தது.

"அத்தை, இந்தத் தண்ணியத்தான் சுவரு குடிக்குது. அதனாலதான் காய மாட்டேங்குது. காஞ்சாத்தான் பாப்பாவக் கூட்டிட்டு வர முடியும்."

விளக்குமாறு நின்றது. அவர் சுவரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"அப்ப நான்தான் அவள வரவிடாம வச்சிருக்கேனா?"

"இல்ல அத்தை. எங்களுக்கே தெரியல. அந்த அண்ணனும் பைப்புன்னுதான் நினைச்சாரு."

"அவனுக்குமா தெரியல?" குரல் சட்டென்று உயர்ந்தது. "கூப்பிடு அவன."

பக்கத்தில் இன்னொரு வீட்டில் வேலையாக இருந்தவர் உடனே வந்தார். ஈரத் தரையைப் பார்த்ததும் வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, தமிழாளுதானே நீ? வெள்ளிக்கிழமை வீடு கழுவுவாங்கன்னு தெரியாது? ஒரு வார்த்தை சொல்ல வேணாம்?"

"எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைதான் ஆன்டி. நாங்க சர்ச்சு."

அத்தை ஒரு கணம் அவரை முறைத்தார். பிறகு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

"நல்லவேளை, திங்கக்கிழமை சுவர உடைச்சிருப்பேன்," என்றார் அவர்.

"உடைச்சிருந்தா உன் மண்டை உடைஞ்சிருக்கும்," என்றார் அத்தை.

அன்றே இயந்திரத்துக்குக் காவல்காரர் அத்தைதான் என்றானது. உலர்ந்த துணியால் படங்களைத் துடைப்பார், விளக்கேற்றுவார், ஜன்னல் மூடிய அறைக்குள் புகை வேண்டாமென்று சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொள்வார். காற்றுக்காக நாத்தனார் ஒரு ஜன்னலைத் திறக்கப் போனபோது அத்தை போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். சனிக்கிழமை மீட்டர் வைக்கும்போது பக்கத்திலேயே நின்று, "எவ்வளவு தம்பி? குறைஞ்சிருக்கா?" என்று நச்சரிப்பதாகப் பூச்சோங் அண்ணன் என்னிடம் புகார் சொன்னார். குரலில் கோபமில்லை.

ஒரு சனிக்கிழமை போன் அடித்தது. அவர் பேசுவதற்குள் அத்தை போனைப் பிடுங்கிவிட்டார். "காஞ்சிருச்சு. அவளத் தூக்கிட்டு வா."

பூச்சும் சாயமும் முடிந்து நாங்கள் திரும்பிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. அத்தை வாளியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். என்னைக் கேட்டு எதையும் செய்து பழகாதவர்.

"இப்பக் கழுவலாமா?"

கழுவலாம் என்றுதான் அந்த அண்ணன் சொல்லியிருந்தார். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. "இன்னிக்கு வாசல் மட்டும் கழுவலாமா அத்தை?" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. கார் நிற்கும் இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. மகள் அதில் இறங்கி, இரண்டு காலாலும் தட்டித் தட்டிக் கூச்சலிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கி, அவள் முதுகில் காதை வைத்தேன். விசில் இல்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்து போனது. இறக்கிவிடச் சொல்லித் திமிறினாள்.

"விடேன், விளையாடட்டும்," என்றார் அத்தை.

இறக்கிவிட்டேன்.