துலக்கிய காசு

காசைக் கையில் வாங்கியதும் சௌரிராஜன் முதலில் அதை முகர்ந்து பார்க்கிறார். புளி வாசம் வந்தால் அப்போதே முகம் சுருங்கிவிடும். பிறகுதான் வாசல் வெளிச்சத்துக்கு வந்து, விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜரிகைக் கடை வைத்திருக்கிறார். ஆனால் ஜரிகை கேட்டு வருபவர்களைவிட, பழைய வெள்ளிக் காசை நீட்டுபவர்கள்தான் அதிகம். பார்த்துச் சொல்ல ஒரு பைசா வாங்குவதில்லை. வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

"கறுப்புங்கிறது அழுக்கு இல்லங்க, அது காசோட தோலு. தோல உரிச்சுக் கொண்டாந்துட்டு எம்புட்டுப் போகும்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

துலக்காத காசென்றால் பட்டர் பேப்பர் உறையில் போட்டு, பிள்ளையைக் கொடுப்பது போல் கொடுப்பார். துலக்கியதை ஒற்றை விரலால் மேசைமேல் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமையானால் விபூதியைத் தொட்டு எதையாவது தேய்க்காவிட்டால் நம் வீடுகளில் கை நிற்காது. அது தெரிந்தும் வைவார். நானும் என் பங்குக்கு வாங்கியிருக்கிறேன்.

போன சிவராத்திரி முடிந்த மூன்றாம் நாள், உசிலம்பட்டிப் பக்கமிருந்து முத்துத்தாய் என்பவர் வந்தார். கூடவே பங்காளி ஆண்டிச்சாமி, கடுகடுவென்று. குலசாமிப் பெட்டி இந்த வருஷம் முத்துத்தாய் வீட்டுப் பொறுப்பு. சிவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்தால், உள்ளே காலங்காலமாகக் கறுத்துக் கிடந்த ராஜா தலை ரூபாய் பளபளவென்று மின்னியிருக்கிறது. பழசை எடுத்துக்கொண்டு புதுசை வைத்துவிட்டதாகப் பங்காளிகள் பேசிவிட்டார்கள்.

"சாமி காசு இப்படிக் கெடக்கேன்னு துன்னூறு போட்டுத் தேச்சேன்ணே. அம்புட்டுத்தான். சாமி காசத் திருடிட்டேன்னு பேரெடுத்துட்டு ஊருக்குள்ள எப்படி நடப்பேன்?"

அன்று கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன்.

சௌரிராஜன் முகர்ந்தார். சாய்த்தார். லென்ஸை வைத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இங்கிட்டு வாங்க. மேலெல்லாம் வட்டம் வட்டமாக் கோடு இருக்கு பாருங்க, தேச்ச தடம். எழுத்து இடுக்குல வெரல் போகல, பழைய கறுப்பு அப்படியே நிக்கிது. கிரீடத்துக்குள்ள துன்னூறுகூட அடைஞ்சிருக்கு. புதுக்காசுல இதெல்லாம் ஏது? ஓரத்துல ஒரு வெட்டு, அதுக்குள்ளயும் கறுப்புத்தான்."

வெட்டு என்றதும் ஆண்டிச்சாமி லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"எங்கய்யா கல்லுல ஓங்கித் தட்டிச் சத்தம் பாத்த எடம்ணே இது! நான் பக்கத்துலதான் நின்னேன்." காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பளபளப்புல இதக் கவனிக்கலையே. தப்புத்தான் மதினி."

"அப்ப, தொலக்குன காசுதானண்ணே?" முத்துத்தாய் மறுபடியும் கேட்டார்.

"நல்லாவே தொலக்கியிருக்கீங்க" என்றார் சௌரிராஜன்.

அந்தக் கடையில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. முத்துத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்பாடா என்று நானும் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஆண்டிச்சாமி காசை மேசையில் வைத்தார். பழக்கதோஷத்தில் அதைத் தள்ள ஒற்றை விரலை நீட்டிய சௌரிராஜன், விரலை மடக்கிக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து பட்டர் பேப்பர் உறை ஒன்றை எடுத்தார்.