சிதி லார்பி திருத்திய கடிகாரம்

சாஃபி துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மத்தி மீன் டப்பாத் தொழிற்சாலையில் கணினி தெரிந்தவள் ஒரே ஒருத்தி, கிஸ்லான். கணினி நிர்வாகம் தெரிந்தவர் ஒரே ஒருவர், எல்லோரும் ‘ஐயா’ என்ற மரியாதையில் ‘சிதி’ போட்டு அழைக்கும் சிதி லார்பி. அதாவது வேலையை அவள் செய்வாள். அலுவலக மேலாளர் என்ற முறையில் நிர்வாகத்தை அவர் செய்வார். கடவுச்சொல் மறந்தவர்களுக்காக மூன்று கையெழுத்து கேட்கும் படிவம் ஒன்றை உருவாக்கியது அவருடைய பதினோரு வருடச் சேவையின் சிகரம். மூன்று கையெழுத்தும் அவருடையவைதான்.

கிஸ்லானின் அம்மா அதே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மத்தித் தலை கிள்ளியவள். அண்ணன் பூஷைப் ஆறாம் வகுப்போடு நின்று, அங்கேயே வாசல் காவலுக்குச் சேர்ந்தவன். உள்ளே போகிற பூனைக்கும் நேரம் போட்டு எழுதுகிறவன். அந்த வீட்டிலிருந்து வந்த பெண் எட்டு மாதத்தில் நாற்பத்து மூன்று பழைய கணினிகளை அகற்றினாள். இப்போது மேசையில் வெறும் திரையும் விசைப்பலகையும்தான். ஒவ்வொருவருடைய கணினியும் சர்வர் அறையிலுள்ள பெரிய இயந்திரத்துக்குள் மெய்நிகராக இருந்தது. யார் உள்ளே வரலாம், எதைத் தொடலாம் என்று முடிவு செய்வது டைரக்டரி சர்வர். தொழிற்சாலையின் எல்லாப் பெயர்களும் கடவுச்சொற்களும் அதில்தான். இந்த இரண்டையும் இணைக்கவே அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது.

அவளுடைய ஒப்பந்தம் திங்கட்கிழமையோடு முடிகிறது. முதலாளியம்மா ஹாஜ்ஜா ஸொஹ்ர் அன்று நேரில் வந்து பார்ப்பார். எல்லாம் ஓடினால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் காசாபிளாங்காவிலிருந்து ஒரு நிறுவனம் வரும். அது லார்பியின் சகலை நடத்துவது என்பது தற்செயல்.

அந்தத் திங்கள் ரமலானின் முதல் நாள். காலை ஒன்பதுக்கு நாற்பத்து மூன்று திரைகளும் ‘உள்நுழைய முடியவில்லை’ என்றன.

"லல்லா கிஸ்லான், என்னை யாருன்னே தெரியலங்குது! என் மாமியாகூட இவ்வளவு சட்டுனு மறந்ததில்ல!" என்று ஒரு குமாஸ்தா கத்தினாள்.

லார்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். "நோன்பு வச்சிருக்கேம்மா, இல்லன்னா நான் பேசற பேச்சே வேற. பழைய கம்ப்யூட்டரு என்னைக்காவது இப்படிப் பண்ணுச்சா? ஹாஜ்ஜாவுக்குச் சொல்லிட்டேன். சகலையோட ஆளுங்க பாதி வழி வந்தாச்சு."

"கோளாறு ஒம்பது மணிக்குத்தானே வந்துச்சு, சிதி? காசாபிளாங்காவுலேருந்து பாதி வழிக்கே ரெண்டு மணி நேரம் ஆகும். அவங்க ஏழு மணிக்கே கிளம்பிட்டாங்களா?"

அவருக்கு இருமல் வந்தது.

கிஸ்லான் சர்வர் அறைக்குப் போனாள். இணைப்பு சரி. பெயர்கள் சரி. பிறகுதான் டைரக்டரி சர்வரின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்: 8:41. அவள் கைக்கடிகாரத்தில் 9:41. மெய்நிகர் கணினிகளிலும் 9:41. இரண்டு பக்கத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டைரக்டரி யாரையும் நம்பாது.

ரமலானுக்காக நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பது ஞாயிறு அதிகாலை. சர்வர்கள் தாமாகவே மாற்றிக்கொள்ளும்படி அவள்தான் அமைத்திருந்தாள், அவையும் மாற்றிக்கொண்டன. ஆனால் அதற்கு முன்பே டைரக்டரி சர்வரை யாரோ கையால் திருப்பியிருந்தார்கள். அதன் பதிவில் இருந்தது: சனிக்கிழமை, 4:14 என்பது 3:14 ஆனது. ஞாயிறன்று மற்றவற்றோடு சேர்ந்து அது இன்னொரு மணி நேரமும் பின்னால் போயிருந்தது.

அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணா, சனிக்கிழமை நாலே கால் வாக்குல சர்வர் ரூம் சாவிய யாரு வாங்கினா?"

"வாக்குல எல்லாம் எங்கிட்ட கிடையாது. நாலு ஒம்பதுக்கு வாங்கினாரு, நாலு இருபத்தொண்ணுக்குக் குடுத்தாரு. சிதி லார்பி. கையில ஒரு ஸ்டூலு."

9:58க்கு நேரத்தைச் சரிசெய்தாள். 10:04க்குள் நாற்பத்து மூன்று பேரும் உள்ளே போனார்கள். 10:15க்கு ஹாஜ்ஜா வந்தார், முகம் சிவந்து. கிஸ்லான் அண்ணனிடமிருந்து வாங்கிவந்த வாசல் நோட்டை விரித்து வைத்தாள்.

"அண்ணன் எழுதறான், தங்கச்சி காட்டுறா!" என்று சிரித்தார் லார்பி. "குடும்ப நோட்டு!"

அவள் திரையைத் திருப்பினாள். "இது எங்க குடும்பம் இல்ல, சிதி. சர்வர் எழுதினது."

ஹாஜ்ஜா இரண்டையும் மாறி மாறிப் படித்தார். "உள்ள எதுக்குப் போனீங்க?"

"கடிகாரம் திருப்பத்தான் ஹாஜ்ஜா. பதினோரு வருஷமா ரமலானுக்கு எல்லாக் கடிகாரத்தையும் நான்தானே திருப்பறேன். சுவர்ல இருக்கறதெல்லாம் முடிச்சேன், இது ஒண்ணு பாக்கி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை லீவு, அதான் முன்னாடியே..."

"நல்லவேளை, சூரியனுக்கு உங்க ஸ்டூலு எட்டல. இல்லன்னா இன்னைக்கு நோன்பு திறக்க ஒரு மணி நேரம் கூடக் காத்துக்கிட்டு இருப்போம்," என்றார் ஹாஜ்ஜா. "போய் இந்தப் பொண்ணோட நிரந்தர உத்தரவ நீங்களே அடிச்சுக் கொண்டாங்க. சகலையோட ஆளுங்களுக்கும் ஒரு போன் போடுங்க, பாதி வழிதான் வந்திருக்காங்கன்னா திரும்பறது சுலபம்."

லார்பி தன் திரை முன் உட்கார்ந்தார். பதற்றத்தில் மூன்று முறை தவறான கடவுச்சொல்லை அடித்தார். டைரக்டரி, யாராக இருந்தாலும் செய்வதைப் போல, அவரையும் பூட்டியது.

கிஸ்லான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மரியாதையோடு அவர் முன் வைத்தாள். மூன்று கையெழுத்துப் படிவம்.

"மூணு இடத்துலயும் போடுங்க, சிதி. தேதியோட."