இல்லாத காற்றோடு ஓர் ஆட்டம்

கடந்த சனிக்கிழமை எங்கள் கம்பஸ் டீம் தோற்றுவிட்டது. அதுவும் சொந்த மைதானத்தில்! எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"உங்களுக்கு இந்த வயதில் புட்போல் எதற்கு?" என்று வழக்கமாகக் கேட்கிற வாசகர்களே... திருகோணமலையில் மெட்ச் என்றால் அன்புவழிபுரத்தில் பஸ் ஏறிவிடுவேன். அவ்வளவுதான்.

இந்த டீமுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேற்கிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வருமே, அந்தச் சூடான கச்சான் காற்று — அதை நம்பித்தான் ஆட்டம். டொஸ் வென்றால், முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடக் கேட்பார்கள். அந்தப் பாதி முழுக்கப் பின்வாங்கி நின்று கோலைக் காப்பார்கள். இரண்டாம் பாதியில் காற்று முதுகுக்கு வந்துவிடும். பிறகென்ன, பந்தைத் தூக்கி அடித்தால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். வெளியூர் டீம்கள் திண்டாடிப் போகும்.

இந்த வருடம் மேற்குப் பக்கக் கோலுக்குப் பின்னால், இதுவரை நின்றே மெட்ச் பார்த்த எங்களுக்கு உட்கார இடமும் உயர்ந்த பின்சுவருமாக ஒரு பவிலியன் எழுந்தது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதைக் கேட்டு வாங்கியவன் கப்டன் ரிஸ்வான். கிண்ணியாப் பிள்ளை, கடைசி வருட மாணவன். கட்டட வேலை நடந்த மாதங்களில் பயிற்சியெல்லாம் உப்புவெளிக் கடற்கரையில்தான். சனிக்கிழமைதான் மைதானத்துக்குத் திரும்பினார்கள். வென்றால் இறுதிப் போட்டி. தோற்றால் ரிஸ்வானுக்கு அதுவே கடைசி ஆட்டம்.

டொஸ் வென்றான். வழக்கம்போலவே கேட்டான். வழக்கம்போலவே எல்லோரும் பின்வாங்கி நின்றார்கள்.

நான் புதுப் பவிலியனில் சுகமாக உட்கார்ந்திருந்தேன். புழுதி இல்லை, கண் எரிச்சல் இல்லை... இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்தான் உறைத்தது. காற்று எங்கே? என் முதுகுக்குப் பின்னால், அந்த உயர்ந்த சுவருக்கு அப்பால் நின்றுவிட்டது! எங்கள் பிள்ளைகள் இல்லாத காற்றுக்குப் பயந்தே ஒரு பாதியை ஆடி முடித்திருந்தார்கள்.

சிரிக்காதீர்கள். மாமியார் கனடாவுக்குப் போய் எத்தனையோ வருடம். நான் இன்னமும் குசினியில் சமைக்கும்போது குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன்.

இரண்டாம் பாதியில் தூக்கி அடித்த பந்தெல்லாம் பாதி வழியில் விழுந்தது. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போன எதிரணி கோல் அடித்தது. அந்த ஒரு கோலோடு எல்லாம் முடிந்தது.

ரிஸ்வான் பவிலியன் படிக்குக் கீழே முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தான். ஆறுதல் சொல்ல இறங்கினேன். எனக்கு முன்னால் ஒருவர் கைத்தடியை ஊன்றி ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார். அவனுடைய வாப்பா.

"நிக்க ஏலாதெண்டுதான் இவ்வளவு நாளும் வரல்ல மகன். இண்டைக்குத்தான் இருந்து பாத்தன். நல்லா ஓடுறீங்க."

அவன் நிமிர்ந்தான். "தோத்துட்டமே வாப்பா..."

"ஓம், பாத்துக்கொண்டுதானே இருந்தன்" என்று சொல்லி அவன் தலையைத் தடவினார்.

பவிலியனுக்காக அவன் அத்தனை அலைந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன ரிஸ்வான், இந்தச் சுவரைக் கட்டாமலே விட்டிருக்கலாமோ?"

அவன் வாப்பாவைப் பார்த்தான். வெறுமையாகக் கிடந்த மைதானத்தைப் பார்த்தான்.

"காத்தும் வேணும் அன்ரி, வாப்பாவும் வேணும்" என்றான்.