கல்லெறிந்தவனின் தகப்பன்

2022 மே 14, சனிக்கிழமை, மாலை 6.40. மழை விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே, நெடுஞ்சாலைக்கு மேலே போகும் பாலத்திலிருந்து, பதினைந்து வயதான என் மகன் ஒரு கல்லைப் போட்டான். கீழே வந்த, செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் முன்கண்ணாடி உடைந்தது. ஓட்டுநரின் வலது கண் போயிற்று.

நீதிமன்றத்தில் மகனுக்கு நன்னடத்தைப் பிணை. இழப்பீடு தகப்பன் பொறுப்பு: மாதம் எழுநூற்றைம்பது வெள்ளி, இருபத்து நான்கு மாதம். வங்கியில் போட்டிருக்கலாம். நேரில் கொடுப்பதுதான் மரியாதை என்று பெக்கோக்கில் இருக்கும் அந்த ஓட்டுநர் வீட்டுக்கே போனேன்.

முதல் மாதம், கை பழகியபடி, ஒரு வெள்ளி நோட்டும் சேர்த்து உறையில் வைத்துவிட்டேன்.

“என்ன அண்ணே, மொய்யா? என் கண்ணுக்குக் கல்யாணமா?”

சமையலறையில் அவர் மனைவி சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். அவர் அந்த ஒரு வெள்ளியை என் சட்டைப்பையில் திணித்தார்.

“இந்தப் பக்கம் உக்காருங்க. அந்தப் பக்கம் உக்காந்தா நீங்க இல்லாத மாதிரி இருக்கு.”

அன்றிலிருந்து, வீட்டில் தனியாக இருக்கும்போதும் என் வலது ஓரத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பினால் சுவர்.

ஆறாம் மாதம், மீதியை மொத்தமாகக் கட்டிவிடவா என்று கேட்டேன்.

“வேணாம் லா. நீங்க மொத்தமா கட்டிட்டா உங்க பையன் மறந்துடுவான். ஒரு தடவ அவன் வரணும். என் மூஞ்சியப் பாக்கணும். வேற ஒன்னும் கேக்கல.”

மகனிடம் ஒவ்வொரு மாதமும் சொன்னேன். ஒரு மாதம் பரீட்சை, ஒரு மாதம் காய்ச்சல், ஒரு மாதம் பந்து விளையாட்டு. நான் அதட்டவில்லை. பாலத்தில் நின்றவனும் என் மகனும் ஒருவன்தான் என்பதை அந்த முகத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க எனக்கே பயம்.

கடைசி மாதம் வந்தான். காரை விட்டு இறங்கவில்லை. அவரே வாசலுக்கு வந்து, அவன் பக்கத்து ஜன்னலை இரண்டு விரலால் தட்டினார்.

“தம்பி.”

மகன் குனிந்து கைப்பேசியையே பார்த்தான். அதன் திரை அணைந்திருந்தது. ஜன்னல் இறங்கவில்லை. அவர் இன்னொரு முறை தட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“வெயில்ல நிக்காதீங்க அண்ணே. உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போலாம்.”

திரும்பும் வழியில் மகன் கேட்டான்: “அப்பா, எல்லாம் முடிஞ்சிருச்சுதானே?”

நான் செலவுக் கணக்கைக் கூட்டிக்கொண்டே ஓட்டினேன். இழப்பீடு பதினெட்டாயிரம். பெட்ரோலும் டோலும் பயணத்துக்கு நாற்பது வீதம் தொள்ளாயிரத்து அறுபது. மொத்தம் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வெள்ளி.