கைநாட்டு வைத்த பேனா

1. முதல் நாள்

வாகடில் குடியிருந்து, ஐ.டி. கம்பெனிகள் குவிந்த ஹிஞ்சவடியில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு கட்டத்தில் மன அழுத்தம் வந்தாக வேண்டும். வராவிட்டால் உழைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு ஆறாவது வருடத்தில் வந்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங் என் வேலை; மற்றவர்கள் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்த உத்தியோகத்தை அம்மாவுக்கு விளக்கியபோது, "இதுக்கா இன்ஜினீரிங்கு? நம்ம தெருவுல எல்லாரும் சும்மாவே செய்றாங்களே" என்றாள்.

அழுத்தத்துக்கு மருந்தாக விமான் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பைச் சொன்னார்கள். மரத்தை லேத்தில் கடைந்து பேனா செய்வது. நடத்துபவன் பிரகாஷ், கோயம்புத்தூர்க்காரன், என் வயதுதான். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நிம்மதி தேடிப் போனவன். நிம்மதி தேடி வரும் ஐ.டி.காரர்களால் இப்போது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

படிப்பு என்றால் எனக்குப் பயபக்தி. நோட்டுப் புத்தகத்தோடு போய் முன்னால் நின்றேன்.

"ஏனுங்க, நோட்ட வெச்சுட்டு மொதல்ல கண்ணாடிய மாட்டுங்க. எழுதுனதப் படிக்கறதுக்குக் கண்ணு வேணுமில்லீங்க?" என்றான் பிரகாஷ்.

மரத்துண்டில் நீளவாக்கில் துளை போட்டு, பித்தளைக் குழாயில் பசை தடவிச் சொருக வேண்டும். அதை லேத்தின் கம்பியில் கோத்துச் சுழலவிட்டு உளியால் கடைய வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. முதல் துண்டு துளை போடும்போதே பிளந்தது. இரண்டாவதில் குழாய் பாதி போனதும் பசை பிடித்துக்கொண்டது. மூன்றாவது கிட்டத்தட்ட பேனாவாகவே வந்தது. உளியைக் கொஞ்சம் அழுத்தியதும் சிதறி அறையின் நாலு மூலைக்கும் போய்ச் சேர்ந்தது.

"பரவால்லீங்க. மரத்துக்கு இப்ப டென்ஷன் போயிருச்சு" என்றான் பிரகாஷ்.

2. வாக்குக் கொடுத்தது

அம்மா வானவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறாள். தினமும் காலையில் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், கைநாட்டு வைத்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்க வேண்டும். விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வாள். அது என்ன பழக்கம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அந்த மை தேவைப்பட்டதே இல்லை.

வாகடில் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் ஒரு சின்ன வீடு வாங்குவது முடிவானது. பத்திரப் பதிவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அம்மா சொன்னாள்: "அங்க வந்து அத்தினி பேரு முன்னாடி நான் கைநாட்டு வெக்க மாட்டேன்டா. எம் பேர எழுதக் கத்துக் குடு."

அம்மா பெயர் அஞ்சலை. மற்ற எழுத்துகள் ஒரு வாரத்தில் வசப்பட்டன. ஞ மட்டும் மசியவில்லை. "எவன்டா இத்த இப்டி வளைச்சி வெச்சான்? வேற வேலயே இல்லியா அவனுக்கு?" என்று திட்டிக்கொண்டே தினமும் ஒரு பக்கம் எழுதினாள்.

அந்த உற்சாகத்தில் நான் வாயை விட்டேன். "அம்மா, நான் செஞ்ச பேனாலதான் நீ கையெழுத்துப் போடப் போற."

"ஏன்டா, கடையில பேனா இல்லியா?"

"இருக்கும்மா."

"அப்புறம்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு துண்டை லேத்தில் மாட்டினேன்.

3. நாற்பத்திரண்டு டெஸ்ட் கேஸ்

ஏழாவது துண்டு பிழைத்தது. கடைந்த மரத்துக்கு மினுமினுப்பு வர, சூப்பர் க்ளூவை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு மறுபடி பூச வேண்டும். இப்படிப் பத்துத் தடவை.

"கையுறை போட்டுக்கங்க" என்றான் பிரகாஷ்.

"கையுறை போட்டா மரத்தை எப்படி உணர்றது?" என்றேன். மரத்தை உணருங்கள் என்பது அவனுடைய விளம்பரத்தில் இருந்த வாசகம். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

பதிவுக்கு முந்தின நாள் கடைசிப் பூச்சு முடிந்தது. பிறகு தொழில் தர்மப்படி சோதித்தேன். பத்திரத் தாளில், வழவழப்பான தாளில், தலைகீழாகப் பிடித்து, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து. மொத்தம் நாற்பத்திரண்டு டெஸ்ட் கேஸ், எக்செல் ஷீட்டில் எல்லாவற்றுக்கும் பச்சை. அதைப் பிரகாஷுக்கு அனுப்பினேன். ஒரு கும்பிடு மட்டும் பதிலாக வந்தது.

4. பதிவு அலுவலகம்

கிளார்க் கையெழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மெஷினைக் காட்டி, "முதலில் எல்லோரும் கட்டைவிரல்" என்று இந்தியில் சொன்னார்.

"எல்லாருமா சாஹேப்? படிச்சவங்களுமா?" அம்மாவால் நம்ப முடியவில்லை.

பில்டர் தரப்பில் டை கட்டி வந்திருந்தவர் விரலை வைத்தார். அம்மா அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். தன் முறை வந்ததும் வைத்தாள். ஒரே தடவையில் பச்சை விளக்கு. இருபது வருட அனுபவம் என்றால் சும்மாவா?

நான் வைத்தேன். சிவப்பு. துடைத்து வைத்தேன். சிவப்பு. இன்னொரு கட்டைவிரலும் சிவப்பு. கிளார்க் என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். பேனாவைப் போலவே மினுமினுத்தது. ஒரு ரேகைகூட இல்லை.

"இது விரலா, பிளாஸ்டிக்கா? கால் மணி நேரத்துக்குள் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் வேறு தேதி" என்றார்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் மடியில் ஞ எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு உட்டா எனக்கு மறந்துடும்டா. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்ட்டு வந்துக்கிறேன்" என்றவள், என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இன்னாடா, பசையா? போயி நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி வாங்கினு வா. எங்க ஸ்கூல் பசங்க பெஞ்சுல கைய ஒட்டிக்கினா டீச்சருங்க அதத்தான் ஊத்துவாங்க. ஓடு!"

எதிரே இருந்த ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடினேன். வாங்கி வந்து ஊற்றிச் சுரண்டியதில் பசை தோல் தோலாக உரிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. இத்தனை வருடம் படித்து வாங்கிய எந்தப் பட்டத்துக்கும் நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

"சீக்கிரம், கையெழுத்து" என்றார் கிளார்க். ஈரக் கையோடு பையிலிருந்து பேனாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எழுதினாள். ஞ வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. எழுதி முடித்ததும் மூச்சுவிட்டாள்.

கடைசியில் விரலில் மை தடவித் தாளிலும் ஆளுக்கொரு கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். நீல விரலோடு டிஷ்யூ பேப்பர் தேடினேன்.

"தலையில தொடைடா. இதுகூடத் தெரியாதா?" என்றாள் அம்மா. துடைத்தேன். சுத்தமாகப் போய்விட்டது.

5. படித்துக்கொண்டது

வீட்டுக்கு வந்து பார்த்தால் பேனாவின் மினுமினுப்பில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது, வரி வரியாக. பேனாவை எடுத்துக் கொடுத்தபோது பசையைக் கரைக்கும் தண்ணீர் என் கையில் இருந்தது. பேனாவின் பளபளப்பும் அதே பசைதான். மெஷின் மூன்று தடவை திருப்பி அனுப்பிய விரலைப் பேனா ஒரே தடவையில் பதிந்துகொண்டுவிட்டது.

"தேச்சுட்டு மறுபடி பூசிக்கலாமுங்க" என்றான் பிரகாஷ் போனில். அம்மா விடவில்லை. "மினுக்கி இன்னா ஆவப்போவுது? எழுதுதில்ல? உடு" என்றாள்.

புதிதாக டெஸ்டிங்கில் சேரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: பொருளை மட்டும் சோதிக்காதீர்கள், அதைச் செய்த கையையும் ஒரு தடவை பாருங்கள். எக்செல் ஷீட்டில் நாற்பத்து மூன்றாவது வரியைச் சேர்த்துவிட்டேன். அதற்கு மட்டும் சிவப்பு.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் மஸ்டரோடு மைப்பெட்டியையும் வழக்கம்போல் அம்மா பக்கம் தள்ளியிருக்கிறார் அங்குள்ள கிளார்க். அம்மா மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டு, பேனாவை எடுத்து நிதானமாக எழுதியிருக்கிறாள். அவர் பேனாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் இருப்பது யாருடைய கைநாட்டு?" என்று கேட்டாராம்.

"எம் புள்ளது சாஹேப்" என்றாளாம் அம்மா. "இன்ஜினீரு."